தயிர்சாதம் தவிர எதையும் தொடாத பிள்ளையோடு பெசாக் கொண்டாடுவது எப்படி

என் கணவர் வீட்டார் அஷ்கநாசி யூதர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்த குடும்பம். நான் மதுரைக்காரி. நியூஜெர்சியில் இருக்கிறோம், வீட்டில் கோஷர் சமையல்தான், அதாவது யூத உணவு விதிப்படியான சமையல். பெரியவளுக்கு ஏழு வயது, தட்டில் எது விழுந்தாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். சின்னவனுக்கு நாலு. அவன் சாப்பிடுவது தயிர்சாதம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஒன்றும் தடவாத பிரெட், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பெசாக் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் பைபிளில் பஸ்கா என்று வருமே, அதுதான் பெசாக், யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை. இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாட்டில் எட்டு நாள். பிரெட், பாஸ்தா, பிஸ்கட் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அஷ்கநாசி வழக்கத்தில் அதற்கு மேலும் உண்டு: அரிசி, பருப்பு, சோளம் இவற்றை ‘கிட்னியோத்’ என்று சொல்லி ஒதுக்கி வைக்கிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி யூதர்களில் பெரும்பாலோர் பெசாக்கிலும் சோறு சாப்பிடுவார்கள். யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக்குழுவும் 2015-இல் கிட்னியோத்தை அனுமதித்துவிட்டது. ஆனால் என் மாமியார் வீட்டில் பழைய வழக்கம்தான், அதை நான் மதிக்கிறேன். போதாக்குறைக்கு கோஷர் விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே மேசையில் சேராது, அதனால் இறைச்சி விருந்து நடக்கும்போது ஓரமாக ஒரு கிண்ணம் தயிர் கூட வைக்க முடியாது.

உங்களுக்கும் இப்படிக் கலப்புக் குடும்பமாக இருக்கலாம், அல்லது யூத நண்பர் வீட்டு சேடருக்கு, அதாவது பெசாக் தொடங்கும் இரவுச் சடங்கு விருந்துக்கு, பிள்ளைகளோடு அழைப்பு வந்திருக்கலாம். நாலு வருஷமாக நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, பசியையும் பண்டிகையையும் பிரித்து வைப்பது. சேடர் தொடங்குவதே இருட்டின பிறகு. ஏப்ரலில் இங்கே அதற்கு எட்டு மணி ஆகிவிடும். சேடரில் மொத்தம் பதினைந்து படிகள், சாப்பாடு வருவது பதினோராவது படியில். அதற்கு முன்னால் திராட்சைச்சாறு, கை கழுவுதல், உப்புத்தண்ணீரில் தொட்ட காய், ஹகாதா புத்தகத்திலிருந்து எகிப்திலிருந்து புறப்பட்ட கதை, பாட்டு, கேள்வி, பதில் எல்லாம் இருக்கிறது. பெரியவர்கள் தட்டுக்கு சூப் வரும்போது மணி ஒன்பதரை, பத்து. நாலு வயசுப் பிள்ளையைப் பசியோடு அதுவரை உட்கார வைக்காதீர்கள். ஐந்தரை மணிக்கே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அன்றைக்கு என்ன கொடுப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அன்று காலை ஒரு நேரத்துக்கு மேல் பிரெட் கிடையாது, புளிக்காத மெல்லிய ரொட்டியான மட்ஸாவையும் சேடருக்கு முன்னால் பகலில் சாப்பிடுவதில்லை என்பது வழக்கம். கதை புரியாத வயசுக் குழந்தைகளுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுப்பது அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, வாழைப்பழம். மூன்றும் எல்லாப் பிரிவினர் வீட்டிலும் செல்லும். முடிந்தால் மதியம் ஒரு மணி நேரம் தூங்கவும் வைத்துவிடுங்கள்.

வயிறு நிறைந்த பிள்ளைக்கு மேசையில் வேலை கொடுங்கள். இதுதான் எனக்குக் கிடைத்த பெரிய வழி. சேடர் குழந்தைகளை மனதில் வைத்தே அமைத்த சடங்கு, சாப்பாட்டுக் கவலையில் நாம்தான் அதை மறந்துவிடுகிறோம். ரப்பி அகிவா என்ற பழங்கால யூத ஞானி பெசாக் சாயங்காலம் குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டுக் கொடுப்பாராம், அவர்கள் தூங்கிப்போகாமல் விழித்திருந்து கேள்வி கேட்கட்டும் என்று. இது யூதர்களின் பழைய சட்ட நூலான தால்மூதிலேயே இருக்கிறது. முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெரிய ஞானி, குழந்தை மடியில் கொறிக்க எதையாவது போட்டு விழிக்க வைத்திருக்கிறார், இதைச் சாப்பிட்டால்தான் ஆயிற்று என்று அவர் மிரட்டவில்லை.

அதனால் வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். கை கழுவச் செம்பும் துண்டும் கொண்டுவருவது சின்னவன் வேலை. ‘மா நிஷ்தனா’ என்ற நாலு கேள்விகளை வீட்டின் கடைக்குட்டி பாட வேண்டும், ஒரு மாதம் முன்பிருந்தே குளிக்க வைக்கும்போது பாடிப் பழக்குங்கள். எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் விரலால் ஒரு சொட்டு சாறு எடுத்துத் தட்டில் வைப்பார்கள், என் மகன் இதற்காகவே காத்திருப்பான். மூன்று மட்ஸாக்களில் நடுவில் இருப்பதை உடைத்துப் பெரிய துண்டை ஒளித்து வைப்பார்கள், அதன் பெயர் அஃபிகோமன். அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் பிள்ளைக்குப் பரிசு உண்டு, அது கிடைக்காமல் சாப்பாட்டை முடிக்கவும் முடியாது. போன வருஷம் என் மகன் அதை சோபா மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்து, ஓரத்தில் கொஞ்சம் கடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தான். வாங்கிப் பார்த்த மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முதன்முதலில் மட்ஸா சாப்பிட்டது அப்படித்தான்.

சேடர் தட்டில் இருப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான், எதையும் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மேசை கிடையாது. உப்புத்தண்ணீரில் காய் தொடும் கர்பாஸ் என்ற படிக்குப் பலரும் பார்ஸ்லி வைப்பார்கள், ஆனால் கிழக்கு ஐரோப்பியக் குடும்பங்களில் அவித்த உருளைக்கிழங்கு வைக்கும் வழக்கமும் உண்டு. உங்கள் பிள்ளை உருளைக்கிழங்குக்காரன் என்றால் முன்கூட்டியே கேட்டு அதை வைக்கச் சொல்லுங்கள். மாரோர் என்ற கசப்புக்கு ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைத் துருவி வைப்பார்கள், அது மூக்கில் ஏறிக் கண்ணீர் வரவைக்கும். குழந்தைக்கு அது வேண்டாம், ரோமெய்ன் லெட்யூஸ் இலையும் முறைப்படி மாரோர்தான். ஹரோசெத் என்பது ஆப்பிள், வால்நட், பட்டைப்பொடி, ஒயின் சேர்த்த இனிப்புக் கலவை. சிறு குழந்தை இருந்தால் வால்நட்டை நன்றாகப் பொடித்துவிடுங்கள், ஒயினுக்குப் பதில் திராட்சைச்சாறு ஊற்றுங்கள். கொட்டை ஒவ்வாமை இருந்தால் கொட்டையே வேண்டாம், பேரீச்சம்பழத்தை வேகவைத்து மசித்தாலே போதும். ஈராக் யூதர்களின் ஹரோசெத்துக்கு அடிப்படையே பேரீச்சைப் பாகுதான்.

இதற்கிடையில் யாராவது ஒருவர் “ஒரே ஒரு வாய்” என்று ஆரம்பிப்பார்கள், அவர்களைத் தடுப்பது உங்கள் வேலை. என் மகனுக்கு இரண்டு வயது இருக்கும்போது சொந்தக்காரர் ஒருவர் பாசத்தில்தான் அரைத்து உருட்டி வேகவைத்த கெஃபில்டே மீனை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டார். குமட்டி, என் மடியிலேயே வாந்தி எடுத்தான். அடுத்த வருஷம் மேசைப்பக்கமே வரவில்லை, அறை வாசலில் நின்று “அம்மா வேணாம்மா” என்று அழுதுகொண்டிருந்தான். அந்த ஒரு கரண்டியைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு நிபுணர் ஒரு பங்கீட்டைச் சொல்லியிருக்கிறார்: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. இதை விருந்துக்குப் போவதற்கு முன்னாலேயே போனில் சொல்லிவிடுங்கள், மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னால் சங்கடமாகிவிடும். நான் மாமியாரிடம் சொன்னது இதுதான்: “அவன் தட்டில் எல்லாம் வையுங்கள், அவன் சாப்பிட்டானா என்று மட்டும் யாரும் பார்க்க வேண்டாம்.” அவர் அப்படியே நடந்துகொண்டார்.

மீதி ஏழு நாளைக்கு என்ன செய்வது? மட்ஸா ப்ரை என்று ஒன்று இருக்கிறது, நம் முட்டை கொத்து பரோட்டாவுக்குத் தங்கை மாதிரி. இரண்டு மட்ஸாவை உடைத்துப் போட்டு வெந்நீர் ஊற்றி, அரை நிமிஷத்தில் வடித்துப் பிழிந்து, இரண்டு முட்டை, உப்பு சேர்த்துக் கலக்கி, கொஞ்சம் வெண்ணெயில் கிளறினால் ஆயிற்று. முட்டை மஞ்சள் பிடிக்காத என் மகனுக்கு வெள்ளைக்கரு மட்டும் போட்டுச் செய்வேன். உருளைக்கிழங்குப் பொரியலும் தாராளமாகப் போகும், ஆனால் கடுகைச் சேர்க்காதீர்கள், அதையும் கிட்னியோத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். தயிருக்கு பால் வேளை பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் தயிரும் வாழைப்பழமும், இரவில் கோழி. இன்னொன்று, தினமும் மட்ஸா சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வரும், யாரும் இதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே தண்ணீர் அதிகம் கொடுங்கள், உலர்ந்த பிளம்ஸை வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

ரோஷ் ஹஷானா, அவர்களுடைய புத்தாண்டு, இதைவிட எளிது. ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவதை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை குறைவு. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் ஒரு சொட்டும் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. அன்றைக்கு சுரைக்காய், லீக்ஸ், பீட்ரூட் கீரை, பேரீச்சை, மாதுளை என்று பல பொருள்களை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் சொல்வார்கள். இந்த வழக்கத்தை அபாயே என்ற ஞானி சொன்னதாகத் தால்மூதில் இரண்டு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் புத்தாண்டில் இவற்றைச் சாப்பிட வேண்டும் என்றும், இன்னோரிடத்தில் இவற்றைப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. பார்த்தாலே போதும் என்ற அந்த இடத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் மகன் முதல் வருஷம் பார்த்தான், இரண்டாம் வருஷம் மாதுளை முத்துக்களை எண்ணினான், மூன்றாம் வருஷம் ஒன்றை நசுக்கி விரலை நக்கினான். புது உணவைப் பிள்ளை ஏற்க பத்துப் பதினைந்து தடவை கூட ஆகலாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள், பார்ப்பதும் தொடுவதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். செபார்டிகள் இந்த மேசையில் காராமணியும் வைப்பார்கள். அதைச் சாக்காக வைத்து நான் தேங்காய் போட்டுக் காராமணி சுண்டல் செய்கிறேன், இப்போது மாமியாரே போன் செய்து “அதைக் கொண்டு வருகிறாயா” என்று கேட்கிறார்.

ஹனுக்காவில் எட்டு இரவு விளக்கேற்றி எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுவார்கள். லாட்கே நம் உருளைக்கிழங்கு அடைதான். நாலு பெரிய உருளைக்கிழங்கைத் துருவி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிள்ளை கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். பிழிந்த தண்ணீரைப் பத்து நிமிஷம் அசைக்காமல் வைத்து, மேலே நிற்கும் தண்ணீரைக் கொட்டினால் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும், அதைச் சுரண்டித் துருவலோடு சேர்க்க வேண்டும். என் மகனுக்கு அந்த மாவைத் தொடுவதில் அவ்வளவு ஆசை, விரல் வைத்தால் கல் மாதிரி இருக்கும், எடுத்தால் ஒழுகும். அப்புறம் இரண்டு முட்டை, இரண்டு மூன்று கரண்டி மைதா, உப்பு. முதல் ஈடு வெங்காயம் போடாமல் பிள்ளைகளுக்கு, பிறகு வெங்காயம் துருவிப் போட்டுப் பெரியவர்களுக்கு. மெல்லிசாகத் தட்டுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டியது மொறுமொறுவென்ற ஓரம்தான். எண்ணெய்ப் பக்கம் மட்டும் அவர்களை விடாதீர்கள்.

மற்ற பண்டிகைகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஷாவூத்துக்குப் பால் பண்டங்கள், பூரிமுக்கு நடுவில் ஜாம் வைத்த முக்கோண பிஸ்கட், சுக்கோத்துக்குத் தழை வேய்ந்த பந்தலில் சாப்பாடு, பந்தலுக்குள் உட்கார்ந்தால் என் மகன் உருளைக்கிழங்கையே இரண்டு மடங்கு சாப்பிடுவான். இவற்றுக்கெல்லாம் ஒத்திகை வெள்ளிக்கிழமை இரவு தொடங்கும் வார ஓய்வுநாளான சபாத்தின் மேசைதான். வாராவாரம் அதே ஹல்லா ரொட்டி, அதே சூப், அதே பாட்டு. எங்கள் வீட்டில் ஹல்லாவை மூடும் துணியை எடுப்பது சின்னவன் உரிமை. ரொட்டி மட்டும் சாப்பிட்டு எழுந்தாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை, சூப் அவன் முன்னால் வாராவாரம் இருக்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். எடை குறைந்தாலோ, முன்பு சாப்பிட்டவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அது அடம் இல்லாமல் வேறு காரணமாக இருக்கலாம்.

பெசாக் எட்டாம் நாள் மாலை, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் பண்டிகை முடியும். அன்று மதியச் சாப்பாட்டை நான் இறைச்சி இல்லாமல் வைத்துவிடுவேன், ஏனென்றால் இறைச்சிக்குப் பிறகு பால் சேர்க்கப் பல வீடுகளில் மூன்று மணி நேரமோ ஆறு மணி நேரமோ காத்திருப்பார்கள். பரண் அலமாரியில் கட்டி வைத்த அரிசி டப்பாவைக் கணவர் இறக்கிக் கொடுப்பார். சின்னவன் ஸ்டூல் போட்டு ஏறி நின்று அரிசி களைவான். குழைய வேகவிட்டு, ஆறினதும் தயிர் விட்டுப் பிசைந்து, உப்பு போட்டு அவன் முன்னால் வையுங்கள். பக்கத்தில் மீதமிருக்கும் மட்ஸாவில் ஒரு துண்டும் வையுங்கள். போன வருஷம் அதைத் தயிர்சாதத்தில் நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டான்.