தடுப்பூசிக்குப் பின் இதய அழற்சி: பிள்ளையின் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் 2021 மே மாதம் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃபைசர் கோவிட் தடுப்பூசி போட அனுமதி கிடைத்தது, ஜூன் கடைசியிலேயே அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதய அழற்சி பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்துவிட்டது. அங்கே பதிவானபடி, அதிகம் பாதிக்கப்பட்டது 16, 17 வயதுப் பையன்கள்தான்: ஃபைசர் இரண்டாம் டோஸுக்குப் பின் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 106 பேர். இந்தியாவில் இந்த வயதினருக்குப் போட்ட கோவாக்சினும் கோர்பேவாக்ஸும் ஃபைசர் போல எம்ஆர்என்ஏ (வைரஸ் புரதத்தைச் செய்யும் குறிப்பை உடலுக்குக் கொடுக்கும்) வகையே அல்ல, அதனால் வாட்ஸ்அப்பில் இந்தக் கணக்கை நம்மூர் ஊசிக்குப் பொருத்திப் பேசினால் காதில் வாங்காதீர்கள்.

எம்ஆர்என்ஏ ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், பையனுக்கு நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ படபடப்போ வந்தால் வாயுத்தொல்லை என்று காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுதான். ஊசி போட்ட தேதியை நீங்களே சொல்லிவிடுங்கள். இசிஜி, ட்ரோபோனின், எக்கோ மூன்றும் பார்ப்பார்கள். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறும். அது ஏறியிருந்து எக்கோ நார்மலாக வந்தால் குழம்ப வேண்டாம், இரண்டுமே சரியாக இருக்கலாம்: எக்கோ இதயம் எப்படிச் சுருங்குகிறது என்று காட்டும், தசைக்குள் என்ன நடக்கிறது என்பதை எம்ஆர்ஐதான் நன்றாகக் காட்டும்.

எம்ஆர்ஐக்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம், சத்தம் அதிகம், சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும். முதலிலேயே பையனிடம் சொல்லிவைத்தால் படம் கலங்காமல் வரும். நடுவில் கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, ரிப்போர்ட். முதலில் இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் பாருங்கள், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது, சுமார் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இதயம் நன்றாகவே ரத்தத்தைத் தள்ளுகிறது. டி2 என்ற வரியில் எடிமா என்று இருந்தால் தசையில் நீர் கோத்திருக்கிறது, அதாவது அழற்சி புதிது. அப்புறம் எல்லாரையும் பயமுறுத்தும் எல்ஜிஇ: கடோலினியம் தங்கி வெள்ளையாகத் தெரியும் இடம். மாரடைப்பில் அது தசையின் உள் அடுக்கில் தொடங்கும், இந்த அழற்சியில் பெரும்பாலும் வெளி அடுக்கில், இடது கீழறையின் பக்கச் சுவரில் இருக்கும். ஆரம்பத்தில் எல்ஜிஇ இருந்தால் அதை உடனே நிரந்தரத் தழும்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வீக்கத்தாலும் அப்படித் தெரியும்.

பல மாதம் கழித்தும் அது இருந்தால்தான் தழும்பா என்ற கேள்வி வலுக்கிறது. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 8 மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்த 16 பேரில் 11 பேருக்கு எல்ஜிஇ மிச்சமிருந்தது, ஆனால் அளவு குறைந்திருந்தது. பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். அந்த மிச்சத்தால் பிற்காலத்தில் என்ன ஆகும் என்று அடித்துச் சொல்பவர் எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

அதனால் வலி போய்விட்டது என்று பையன் கெஞ்சினாலும் ஓட்டம், ஃபுட்பால், ஜிம் எதுவும் கூடாது, வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். அழற்சி ஆறாத தசையில் கடும் உழைப்பு ஆபத்தான துடிப்புக் கோளாறைக் கிளப்பலாம். திரும்ப ஆட விடும் முன் ஹோல்டர் (நாள் முழுக்க உடம்பில் மாட்டி இசிஜி பதியும் கருவி), ட்ரெட்மில் சோதனை, மறு எம்ஆர்ஐ மூன்றையும் பற்றி இதய மருத்துவரிடம் கேளுங்கள். முதல் எம்ஆர்ஐயின் படங்களையும் சிடியில் வாங்கி வையுங்கள், வெறும் ரிப்போர்ட்டை வைத்து ஒப்பிட முடியாது.