செக் என்ஜின் லைட் எரியுதா? சென்சாரை வாங்கிடாதீங்க

காசிமேட்டுப் பக்கம் கார் நிறுத்துறவங்களுக்குச் சொல்றேன்: லைட் எரிஞ்சதும் புது சென்சார் வாங்க ஓடாதீங்க. நான் ஓடினேன். மாட்டியும் லைட் அணையல.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி ஸ்கேனரைச் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்ச பழுதைப் படிக்கிற கருவி) சொருகுங்க. எனக்கு வந்த பழுதுக் குறியீடு பி0118. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவத்தோட சூட்டை அளக்கிறது) சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகம்னு அர்த்தம்; சென்சார் போச்சுன்னு அர்த்தமில்ல. மண்டை பிளக்கிற வெயில்ல ரீடிங் மைனஸ் 40 டிகிரி! ராயபுரத்துல ஏது பனி? எங்கேயோ தொடர்பு அறுந்திருக்கு.

என்ஜின் ஆறட்டும். சென்சார்ல மாட்டியிருக்கிற ஒயர் சாக்கெட்டைக் கழட்டி, இக்னிஷனை ஆன் பண்ணி, அதோட ரெண்டு பின்னையும் துண்டு ஒயரால இணைங்க (ரெண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும்தான் இந்த வித்தை). ரீடிங் 130 பக்கம் எகிறினா ஒயரிங் சரி. அப்போ சென்சாரோட மின்தடையை மல்டிமீட்டர்ல பாருங்க. பெரும்பாலான வண்டியில 20 டிகிரியில சுமார் 2,500 ஓம்ஸ், 80-ல 300 பக்கம் காட்டணும்.

எனக்கு எகிறவே இல்ல. டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒரு பின் பச்சை பூத்துக் கிடக்குது. உப்புக்காத்து வேலை. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, பழைய டூத் பிரஷால தேய்ச்சு, ஸ்கேனர்ல அந்தக் குறியீட்டை அழிச்சேன். கழட்டிப் போட்ட பழைய சென்சார், பாவம், ஒரு குத்தமும் பண்ணல.