கோல்டன் ரிட்ரீவருக்கு மொட்டை போடாதீர்கள். இன்னும் சில தவறுகளும்

எங்கள் கோல்டன் ரிட்ரீவர் நாய்க்கு அது முதல் கோடை. நாள் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், முடியை எடுத்துவிட்டால் காற்றோட்டமாக இருக்கும் என்று ஒரு கடைக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரைப்பு குறையவில்லை. போதாக்குறைக்கு முதுகுத் தோல் வெயிலில் சிவந்தது. ஒன்றரை வருடம் ஆகியும் இடுப்புப் பக்கம் முடி திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது.

நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கோல்டனின் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே நீளமான, தண்ணீர் ஒட்டாத முடி. அடியில் வெளிர் நிறத்தில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. மேல்முடி வெயிலைத் தடுக்கும் கூரை. அதை விட்டுவிட்டு, அடியில் செத்துக் கிடக்கும் பஞ்சைச் சீவி எடுப்பதுதான் நம் வேலை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அதிகமாகக் கொட்டும் காலத்தில் தினமும். காதுக்குப் பின்னால், தொடைப் பின்பக்கம், வாலின் அடி, இங்கெல்லாம்தான் சடை விழும். குளிப்பாட்டினால் அடிமுடிவரை உலர்த்திவிடுங்கள். ஈரம் தங்கினால் அரிப்பெடுத்து, அது நக்கி நக்கியே புண்ணாகும்.

இந்த இரட்டை அங்கி எதற்கு என்று கேட்டால் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜரிபேங்க்ஸ், 1865ல் நூஸ் என்ற மஞ்சள் நிற ரிட்ரீவரை வாங்கினார். மலைநாட்டில் கிசாக்கன் என்ற தன் பண்ணையில், பெல் என்ற ட்வீட் நீர் ஸ்பானியல் இனப் பெண் நாயோடு அதைச் சேர்த்தார். 1868ல் பிறந்த மஞ்சள் குட்டிகள்தான் இந்த இனத்தின் முன்னோர். ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்தது என்று ரொம்ப நாள் ஒரு கதை உலவியது. அவர் கைப்பட எழுதிய இனப்பெருக்கக் குறிப்பேடு 1952ல் வெளியான பிறகு அந்தக் கதை பொய் என்று ஆகிவிட்டது.

சுட்டு விழுந்த பறவையைக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, பல் படாமல் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். அதற்காக உருவாக்கிய நாய் இது. அப்புறம் உங்கள் சாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினால் திட்டி என்ன பயன்? துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. ஒரு துண்டு கேரட்டை நீட்டி, “கொடு” என்று மாற்றிக்கொள்ளப் பழக்குங்கள். மனிதனோடு சேர்ந்து வேலை செய்யப் பிறந்ததை மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிப்போடுவது என் பார்வையில் எல்லாவற்றையும்விட மோசமான தவறு. காவலுக்கும் எதிர்பார்க்காதீர்கள். திருடன் வந்தால் செருப்பை எடுத்துக் கொடுத்து வரவேற்கும்.

வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்று உண்டு: முப்பது நாள் குட்டியைத் தூக்கி வருவது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ல் வந்த மத்திய அரசு விதியே சொல்கிறது. தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்றும் கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். நம் வீட்டு வழவழப்பான டைல்ஸ் தரை அதற்கு நல்லதல்ல. குட்டி ஓடும் இடத்தில் கால்மிதியோ பழைய ஜமுக்காளமோ விரியுங்கள்.

எடையும் இடுப்பைத்தான் அழுத்தும். ஆண் நாய்க்கு 29 முதல் 34 கிலோ, பெண்ணுக்கு 25 முதல் 29. தராசு இல்லாவிட்டால் விலாவைத் தடவுங்கள்; எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். காபி நேரத்து பிஸ்கட்டை ஆளுக்கொன்றாகப் போடும் வீடுகளில் தட்டுப்படுவதில்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் கூடவே கூடாது.

சீவும் நேரத்தை வீணாக்காதீர்கள். உண்ணி இருக்கிறதா, காதுக்குள் நாற்றம் வருகிறதா, தோலுக்கடியில் கட்டி தட்டுப்படுகிறதா என்று கையோடு பாருங்கள். கோல்டன்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது. அதன் காரணங்களைத் தேடி அமெரிக்காவில் 2012 முதல் 3,000க்கும் மேற்பட்ட கோல்டன்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். புதுக் கட்டி என்றால் “பார்க்கலாம்” என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, மே மாதத்துக்கு என்னதான் செய்வது? வாக்கிங்கை விடியற்காலைக்கு மாற்றினோம். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயையும் அதில் நடத்துவதில்லை. மதியத்துக்கு, நிழலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் வயிறு நனைகிற அளவுக்குத் தண்ணீர். போன கோடை முழுக்க அதில்தான் உட்கார்ந்திருந்தது, வாயில் என் சாக்ஸோடு.