நாயின் நுரையீரல் கழுவுநீர்: 200 செல்லோடு நிறுத்தலாமா?

நாயின் நுரையீரல் கழுவுநீரை (உப்புநீரை நுரையீரலுக்குள் விட்டு உறிஞ்சியெடுத்த மாதிரி) சைட்டோஸ்பின் ஸ்லைடாக்கி (சுழற்றி, செல்களை ஸ்லைடில் ஒரு வட்டமாகப் படியவைத்து) செல்களை வகைவாரியாக எண்ணும்போது 200 செல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மாஸ்ட் செல் (ஒவ்வாமையில் பங்குபெறும் நோயெதிர்ப்புச் செல்) போன்ற அரிதான வகை முடிவைத் தீர்மானிக்கும் என்றால் 500 வரை போங்கள். ஒரே மூலையில் எண்ணாமல், வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஸ்லைடை நகர்த்திக்கொண்டே எண்ணுங்கள்.

காரணம் வெறும் கணக்குதான். 200-ல் 4 மாஸ்ட் செல் கிடைத்தால் 2% என்று எழுதுவோம். உண்மையில் அது அரை சதவீதமாகவும் இருக்கலாம், 5 சதவீதமாகவும் இருக்கலாம். 500-ல் 10 கிடைத்தால் அந்த இடைவெளி ஏறக்குறைய 1-லிருந்து 3.6 சதவீதமாகச் சுருங்கும். மேக்ரோஃபேஜ் (கிருமி, தூசு போன்றவற்றை விழுங்கும் செல்) மாதிரி அதிகமாக இருக்கும் வகைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், 200 போதும்.

சாயத்தையும் கவனியுங்கள். டிஃப்-குவிக் போன்ற அவசரச் சாயங்களில் மாஸ்ட் செல்லின் துகள்கள் சில சமயம் நிறமே ஏறாமல் போகும். அப்போது 1,000 எண்ணினாலும் வீண். கீம்சா சாயம் பாதுகாப்பானது. குற்றிழை (நுண்ணிய மயிர் போன்ற இழை) கொண்ட எபிதீலியல் செல்களை, அதாவது மூச்சுக்குழாயின் உட்பரப்புச் செல்களை, கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நியூட்ரோபில்கள் (கிருமிகளைத் தாக்கும் வெள்ளணுக்கள்) குவிந்து, அவற்றுக்குள்ளேயே பாக்டீரியா தெரிந்தால் தொற்று என்பது தெளிவு, 500 எண்ணுவது நேர விரயம். மாதிரி நேரம் கடந்து வந்து செல்கள் சிதைந்திருந்தாலோ, சளியில் கட்டிக்கட்டியாகச் சிக்கியிருந்தாலோ எத்தனை எண்ணியும் பயனில்லை, புது மாதிரி கேளுங்கள்.