எஃப்ஜேஆர்1300-ஆ, கான்கோர்ஸ் 14-ஆ? சொகுசை ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

யமஹா எஃப்ஜேஆர்1300, கவாசாகி கான்கோர்ஸ் 14 இரண்டுமே நெடுந்தூரம் வேகமாகப் போவதற்கென்று பிறந்த மோட்டார் பைக்குகள். பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜின், செயினுக்குப் பதில் சுழலும் தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ், பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் விண்ட்ஸ்கிரீன் என்று பொது அம்சங்கள் ஏராளம். அதனால்தான் எது உடம்புக்கு ஒத்துவரும் என்பதில் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

முதல் தவறு, சீட் உயரத்தை மட்டும் பார்ப்பது. 2006-க்குப் பிறகு வந்த எஃப்ஜேஆரின் சீட்டை 805 அல்லது 825 மில்லிமீட்டரில் வைத்துக்கொள்ளலாம், கான்கோர்ஸில் 815. இந்த 10 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரியும், கால் தரைக்கு எட்டாது. நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதும் கணக்கில் வரும். அதற்கும் மேல், எஃப்ஜேஆர் 290 கிலோவை ஒட்டி நிற்கும் வண்டி, கான்கோர்ஸ் 300 கிலோவைத் தாண்டியது. சரிவான இடத்தில் நிறுத்தும்போது இந்த எடை நன்றாகவே தெரியும்.

ஷோரூமில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "சூப்பரா இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். அப்போது வண்டி நிற்கும் சாய்வும் உயரமும் வேறு. சீட், ஹேண்டில்பார், கால் வைக்கும் ஃபுட்பெக் மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். அதை இடுப்பும் மணிக்கட்டும் முழங்காலும் சொல்ல ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் மெத்தென்று தெரியும் சீட், இரண்டு மணி நேரத்தில் அமுங்கிப்போய் வலி கொடுப்பது சகஜம்.

இன்னொருவருடைய வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். வேறு சீட், ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர், உயரமான விண்ட்ஸ்கிரீன் எல்லாம் மாட்டியிருப்பார்கள். நீங்கள் ரசிப்பது கம்பெனி கொடுத்த வண்டியையா, அவர் செலவழித்துச் சேர்த்ததையா? கேட்டுவிடுங்கள். 2006 முதல் வந்த எஃப்ஜேஆரில் ஹேண்டில்பாரை மூன்று நிலைகளில் மாற்றிப் பொருத்தலாம் என்பதால், அது எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

காற்று விஷயத்தில்தான் ஏமாறுவது அதிகம். விண்ட்ஸ்கிரீனை முழுக்க ஏற்றினால் சொகுசு என்று நினைக்கிறோம். உங்கள் உயரத்தைப் பொறுத்து, அதன் விளிம்பிலிருந்து வரும் சுழற்காற்று ஹெல்மெட்டை ஆட்டும். சில நேரம் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளும் காற்றும் சேர்ந்து கழுத்தைச் சோர்வாக்கிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில், உங்கள் சொந்த ஹெல்மெட்டோடு, எல்லா உயரங்களிலும் வைத்துப் பாருங்கள்.

எந்த வருட மாடல் என்று பார்க்காமல் ஒப்பிடுவதும் தவறு. தொடக்க கால கான்கோர்ஸ் 14 கால்களில் சூட்டை அடிக்கிறது என்ற புகார் வந்ததால், 2010-இல் கவாசாகி வண்டியின் வெளி உறையான ஃபேரிங்கை மாற்றியது. எஃப்ஜேஆரும் சூட்டுக்குப் பெயர்போனதுதான், 2006-இல்தான் அதைக் கணிசமாகச் சரிசெய்தார்கள். 2008 கான்கோர்ஸை ஓட்டிவிட்டு அந்தப் பெயருள்ள எல்லா வண்டிக்கும் தீர்ப்பு எழுதினால் அது நியாயமில்லை.

அப்புறம், பின்னால் ஒருவரை ஏற்றிப் போகப் போகிறீர்கள் என்றால் டெஸ்ட் ரைடுக்கே அவரையும் கூட்டிப் போங்கள். இரண்டு பேர் எடைக்கு ஏற்றபடி பின் சஸ்பென்ஷன் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, கூட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.