லூஸ்: ஒரு ஓ போடுவதா, இரண்டு ஓ போடுவதா?

சட்டை லூஸா இருக்கு, நட்டு லூஸாயிடுச்சு, ‘அவன் ஒரு லூசு’... நாம் தமிழில் நாள் முழுக்கப் புழங்கும் லூஸ் எல்லாமே இரண்டு ஓ போட்டதுதான்: எல், ஓ, ஓ, எஸ், இ. தொலைப்பது, இழப்பது, தோற்பது எல்லாவற்றுக்கும் உரிய ஆங்கில வினைச்சொல் வேறு: எல், ஓ, எஸ், இ. பழகிய லூஸ் முந்திக்கொள்வதால்தான் ‘சாவியைத் தொலைத்துவிடாதே’ என்று எழுதப் போய் இரண்டு ஓ போட்டுவிடுகிறோம்.

படி 1: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். தொலை, இழ, எடையைக் குறை, ஆட்டத்தில் தோற்றுப்போ என்று வந்தால் ஒரு ஓ. தொளதொள, கழன்ற, பாக்கெட்டில் அடைக்காத (லூஸ் டீத்தூள்) என்று வந்தால் இரண்டு.

படி 2: தொண்டையில் விரலை வைத்து உச்சரியுங்கள். ஒரு ஓ சொல்லின் முடிவில் தேனீ ரீங்காரம்போல அதிரும். இரண்டு ஓ சொல் ‘பஸ்’ போலச் சீறி முடியும். ஆனால் ஒலியை வைத்து எழுத்தைக் கணிக்காதீர்கள். ரோஸ், நோஸ் மாதிரி இது ‘லோஸ்’ ஆவதில்லை; தேர்ந்தெடுப்பதற்கான ‘சூஸ்’ இரண்டு ஓ போட்டும் அதிர்கிறது. மனப்பாடம்தான் வழி.

படி 3: ‘இங்’ சேர்க்கும்போது கடைசி இ விழுந்துவிடும்: எல், ஓ, எஸ், ஐ, என், ஜி. அதிகம் தடுக்கிவிழுவது இங்கேதான். இறந்தகாலம் ‘லாஸ்ட்’: எல், ஓ, எஸ், அப்புறம் டிக்கெட்டின் டி. இரண்டு எஸ்ஸில் முடியும் ‘லாஸ்’ பெயர்ச்சொல். ‘வெயிட் லாஸ்’ சரி, ‘ஐ லாஸ் மை கீ’ தப்பு.

படி 4: யாரிடம் தோற்றோம் என்பதற்கு ‘டு’ போடுங்கள். நம் ‘இடம்’ உருபை நினைத்து ‘வித்’, ‘ஃப்ரம்’ போடவே கை போகும். 2023 உலகக்கோப்பை இறுதியாட்டத்தை இப்படி எழுதலாம்: ‘இந்தியா லாஸ்ட் டு ஆஸ்திரேலியா பை சிக்ஸ் விக்கெட்ஸ்’. ‘டு’ விட்டுப்போனால், ஆஸ்திரேலியாவையே எங்கோ தொலைத்துவிட்டோம் என்றாகிவிடும்!

எழுத்துப்பிழைத் திருத்தியை நம்ப வேண்டாம். இரண்டு ஓ போட்டதும் அகராதியில் உள்ள சொல்தானே, சிவப்புக் கோடு வராது. அனுப்புமுன் ‘ஓஓ’ என்று கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடி, அகப்படும் ஒவ்வொரு லூஸிலும் படி 1-ஐச் செய்து பாருங்கள்.