உப்பு சோடா பொங்கினால் நல்ல சோடாவா?

இராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வெயிலில் அலைந்துவிட்டு எலுமிச்சை உப்பு சோடா கேட்கிறோம். டம்ளர் விளிம்பைத் தாண்டி நுரை வழிகிறது. "கேஸ் நல்லா இருக்கு" என்கிறோம். அங்கேதான் முதல் தவறு. வழிந்த நுரை, சோடாவை விட்டுப் போய்விட்ட கேஸ். நாக்கில் சுள்ளென்று ஏறுவது தண்ணீரில் கரைந்தே இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு.

உப்புக்கும் சோடாவுக்கும் ரசாயன வினை நடப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. சர்க்கரை போட்டாலும் இதேபோலப் பொங்கும். கரைந்த வாயு தானாகக் குமிழியாக முடியாது. புதிதாகப் பிறக்கும் பொடிக் குமிழியை நீரின் பரப்பு இழுவிசை நசுக்கிவிடும். ஒட்டிக்கொள்ள ஒரு சொரசொரப்பும் அதில் ஒளிந்திருக்கும் துளிக் காற்றும் வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு ஒன்றைச் சோடாவில் போட்டுப் பாருங்கள். அடிக்குப் போகும்போதே அதன் மேலிருந்து குமிழிகள் மணி கோத்த மாதிரி வரிசையாக ஏறும். தூளுப்பில் பரப்பு அதிகம் என்பதால் ஒரே மூச்சில் பொங்கிவிடும். அதனால் உப்பை எலுமிச்சைச் சாற்றிலும் ஒரு கரண்டித் தண்ணீரிலும் முழுக்கக் கரைத்துவிட்டு, அப்புறம் சோடாவை ஊற்றுங்கள். டம்ளரைச் சாய்த்து, ஓரமாக ஊற்றினால் இன்னும் நல்லது. துணியால் துடைத்த காய்ந்த டம்ளரில் நூல் தூசி ஒட்டியிருக்கும், அதுவும் குமிழிக்கு வீடு. ஒருமுறை தண்ணீரில் அலசி ஈரத்தோடு வையுங்கள்.

இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் பைக்கில் சோடா பாட்டில் கொண்டுபோய், இறங்கியதும் திறப்பது அடுத்த தவறு. 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் வாயுவை ஏற்கும். 30 டிகிரியில் அதில் பாதிகூட ஏற்காது. குலுங்கியதில் உள்ளே பொடிக் குமிழிகளும் பரவியிருக்கும். சற்று நேரம் அசையாமல் வைத்து, குளிரவிட்டு, மூடியை மெதுவாகத் திருகுங்கள்.

மிச்சம் வைத்த பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கி மூடாதீர்கள். நசுங்கியது மறுபடி வீங்கும். அந்த இடத்தை நிரப்பச் சோடாவிலிருந்துதான் கேஸ் வெளியேறும். கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைப்பது ஆபத்து. உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து பாட்டிலையே உடைத்துவிடும்.

கோலி சோடா கிடைத்தால், கழுத்தில் அமுங்கிய பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து ஊற்றுங்கள். வெளியே அமுங்கிய இடம் உள்ளே மேடாக இருக்கும், கோலி அதில் தங்கி நிற்கும், வாயை அடைக்காது.